கார்னெட் படிகங்களைத் துணைக் கனிமங்களோடு சேகரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கார்னெட் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒன்றுதான்: பாறையில் பதிந்திருக்கும் சிவப்புக் கல்லை உளியால் நெம்பி எடுத்து, மண்ணைத் துடைத்து, டப்பாவில் போட்டுக்கொள்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பணியாரத்தைக் குழியிலிருந்து கிளப்புவது போலக் கிளப்பிவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் உருண்டை. அது எந்தப் பாறையில், எந்தெந்தக் கனிமங்களுக்கு நடுவே வளர்ந்தது என்ற செய்தி அந்தக் குழியோடு போய்விடும். உதிரிக் கார்னெட் ஜெய்ப்பூர்ச் சந்தையில் எடை போட்டு விற்கும் அளவுக்கு மலிவானது. தாய்ப்பாறையில் ஒட்டியபடி, பக்கத்தில் கயனைட்டோ எபிடோட்டோ போன்ற துணைக் கனிமம் இருக்க, முகங்கள் உடையாமல் நிற்கும் ஒரு கார்னெட்தான் சேகரிப்புக்கு உரிய மாதிரி. இந்த வழிகாட்டி முழுக்க அப்படிப்பட்ட மாதிரிகளைத் தேடுவது, எடுப்பது, சுத்தம் செய்வது, காப்பது பற்றியது.

முதலில் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கார்னெட் ஒற்றைக் கனிமம் அல்ல, ஒரு குடும்பம். சேகரிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை ஆறு. இரும்பும் அலுமினியமும் சேர்ந்தது ஆல்மண்டைன். மக்னீசியம் கூடினால் பைரோப். மாங்கனீசு கூடினால் ஸ்பெஸ்ஸார்ட்டைன். இந்த மூன்றும் ஒரு பக்கம். கால்சியம் சார்ந்த குரோசுலார், ஆண்ட்ரடைட், உவரோவைட் மூன்றும் இன்னொரு பக்கம். இயற்கையில் கலப்பில்லாத கார்னெட் அபூர்வம். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்றின் கலவையாக, ஒன்று மட்டும் ஓங்கியதாக இருக்கும்.

நிறத்தை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம். குரோசுலார் நிறமற்றதாகவும் பச்சையாகவும் இளஞ்சிவப்பாகவும் வரும். நம்மூரில் கோமேதகம் என்று மோதிரத்தில் பதிப்பதும் அதன் தேன்நிற வகைதான். ஆண்ட்ரடைட்டில் கறுப்பும் உண்டு, டெமண்டாய்டு என்னும் ஒளிரும் பச்சையும் உண்டு.

வடிவம் மட்டும் ஏமாற்றாது. கார்னெட் கனசதுர அமைப்பைச் சேர்ந்தது. சாய்சதுர முகங்கள் 12 கொண்ட வடிவம், அல்லது பட்டம் போன்ற முகங்கள் 24 கொண்ட வடிவம், இல்லையென்றால் இரண்டும் கலந்தது என்று இந்த மூன்றுக்குள் பெரும்பாலான படிகங்கள் அடங்கிவிடும். பிளவுத்தளம் (எளிதாகப் பிளக்கும் திசை) கிடையாது, உடைந்தால் கண்ணாடி போல வளைந்து உடையும். மோஸ் அளவுகோலில் கடினம் 6.5 முதல் 7.5 வரை. எடை உண்டு: குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்றால் குரோசுலாரும் பைரோப்பும் சுமார் 3.6, ஆண்ட்ரடைட் 3.8-க்கு மேல், ஸ்பெஸ்ஸார்ட்டைன் 4.2, ஆல்மண்டைன் 4.3. உள்ளங்கையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

பாறையைப் படியுங்கள், கார்னெட் தானாகக் கிடைக்கும்

வேட்டைக்குப் போவதற்கு முன் செலவிட வேண்டிய நேரம் எல்லாம் இங்கேதான். எந்தக் கார்னெட் எந்தப் பாறையில், யார் யாரோடு இருக்கும் என்பது தெரிந்தால், ஒரு மலைச்சரிவைப் பார்த்தவுடன் எங்கே குனிவது என்று தெரிந்துவிடும்.

மைக்கா ஷிஸ்ட் பாறையில் தொடங்குவோம். களிமண் படிவுகள் ஆழத்தில் புதைந்து, சூடாகி, அழுந்தி உருமாறியவை இவை. ஆல்மண்டைனின் அழகான 12 முகப் படிகங்கள் அதிகம் கிடைப்பது இங்கேதான். காக்காப்பொன் என்று கிராமங்களில் சொல்லும் மைக்கா ஏடுகள் கார்னெட்டைச் சுற்றி வளைந்து போகும். துணைக்கு ஸ்டாரோலைட், கயனைட், குவார்ட்ஸ். ஜார்ஜ் பாரோ என்ற நிலவியலாளர் 1893-ல் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்துப் பாறைகளை ஆராய்ந்து, வெப்பம் ஏற ஏறக் கனிமங்கள் ஒரு வரிசையில் தோன்றுகின்றன என்று காட்டினார். பின்னால் முழுமையாக்கப்பட்ட அந்த வரிசை இது: குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், கடைசியில் சில்லிமனைட். அதனால் கார்னெட்டுக்குப் பக்கத்தில் குளோரைட் மட்டும் இருந்தால் அது குறைந்த வெப்பத்தில் வளர்ந்தது; கயனைட்டின் நீலத் தகடு இருந்தால் இன்னும் ஆழமாகவும் சூடாகவும் போய் வந்தது. துணைக் கனிமத்தை உடைத்து எறிகிறவர் இந்த வெப்பமானியைத்தான் எறிகிறார்.

வெளிநாட்டில் இதற்குப் பேர்போன இடம் அலாஸ்காவின் ரேங்கல். அங்கே ஸ்டிக்கின் ஆற்றின் முகத்தருகே உள்ள கார்னெட் பாறைமேட்டை, அதன் உரிமையாளர் 1962-ல் சாரணர் இயக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஊர்க் குழந்தைகள் அங்கே கல் எடுக்கலாம் என்பது ஏற்பாடு. இன்றும் கப்பலில் வரும் பயணிகளுக்குக் குழந்தைகளே கார்னெட் விற்கிறார்கள். மைக்கா ஷிஸ்டில் அப்படியே பதிந்த மாதிரிகளை வாங்குவது நல்லது.

அடுத்தது கிரானுலைட் வகைப் பாறைகள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி இதுதான், ஆகவே இதை நின்று பார்க்க வேண்டும். நம் பாறைகள் பூமியின் ஆழமான மேலோட்டில் வெந்து வந்தவை. கார்னெட் ஏராளம், ஆனால் கூர்மையான முகம் கொண்ட படிகம் அரிது. பெரும்பாலும் உருண்டை, அல்லது விரிசல் ஓடிய குமிழ். மனம் தளர வேண்டாம். இங்கே சேகரிக்க வேண்டியது முகத்தை அல்ல, விளிம்பை. தேனி மாவட்டம் கெங்குவார்பட்டிப் பக்கத்துப் பாறைகள் உலக நிலவியல் ஆய்வுகளில் அடிக்கடி வரும் பெயர். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெந்தவை அவை. அத்தகைய பாறையில் ஒரு துண்டை அறுத்து மெருகேற்றிப் பாருங்கள். நடுவில் செம்பழுப்புக் கார்னெட்; அதைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் சாம்பல் நீல வளையம். லென்ஸ் வைத்தால் அந்த வளையம் ஒரே கனிமம் இல்லை, கார்டியரைட்டும் பைராக்சீனும் விரல்கள் கோத்தது போல நுணுக்கமாகப் பின்னியிருப்பது தெரியும். ஆழத்திலிருந்து பாறை மேலெழும்போது அழுத்தம் குறைந்து, கார்னெட் விளிம்பிலிருந்து சிதைந்து வேறு கனிமங்களாக மாறத் தொடங்கியதன் தடயம் அது. உருண்டையைத் தோண்டி எடுத்தால் இதில் எதுவும் மிஞ்சாது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் கோண்டலைட் பாறைகளில் கார்னெட்டோடு சில்லிமனைட் ஊசிகளும் கிராஃபைட் செதில்களும் சேர்ந்து வரும். அதையும் பலகையாக அறுத்து வைத்தால்தான் அழகு.

சுண்ணாம்புப் பாறையும் சூடும் சந்திக்கும் இடம் மூன்றாவது. கிரானைட் குழம்பு சுண்ணாம்புப் பாறையைத் தொட்ட ஓரத்தில் உருவாவதை ஸ்கார்ன் என்பார்கள். குரோசுலாரும் ஆண்ட்ரடைட்டும் இங்கே. துணைக்கு எபிடோட், டயோப்சைட், வெசுவியனைட், வொலாஸ்டோனைட், மேக்னடைட், எல்லாவற்றையும் மூடிய கால்சைட். மெக்சிகோவின் சியர்ரா டி குரூசஸ் இளஞ்சிவப்பு குரோசுலாரும் வெசுவியனைட்டும், 1994-ல் தெரியவந்த மாலி நாட்டின் மஞ்சள் பச்சைக் கார்னெட்டுகளும் இந்த வகை. மதுரை, திருநெல்வேலி வட்டாரத்தில் சுண்ணாம்புப் பாறைப் பட்டைகளை ஒட்டி குரோசுலார் கலந்த கார்னெட், வொலாஸ்டோனைட், ஸ்கேப்போலைட் சேர்ந்த பாறை உண்டு. வெள்ளை வொலாஸ்டோனைட் நார்களுக்கு நடுவே தேன்நிறக் கார்னெட் தெரியும்.

இதற்கு உறவானது ரோடிங்கைட். சர்ப்பென்டைன் என்னும் பச்சைநிறப் பாறைக்குள் அகப்பட்ட வேறு பாறைத்துண்டுகள் கால்சியம் ஏறி மாறியவை. கனடாவின் கியூபெக்கில், முன்பு ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் கொண்டிருந்து 2020-ல் வால்-தே-சோர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஊரின் ஜெஃப்ரி சுரங்கம் இதில் முதலிடம். வெசுவியனைட், டயோப்சைட், பிரெனைட், பெக்டோலைட்டோடு ஆரஞ்சு குரோசுலார். இத்தாலியின் ஆலா பள்ளத்தாக்கில் பச்சைக் குளோரைட் மேல் தேன்சிவப்புக் கார்னெட். என்னைக் கேட்டால் கார்னெட் மாதிரிகளில் நிறச்சேர்க்கை மிக அழகானது இந்த ஆலா மாதிரிதான்.

பெக்மடைட் என்னும், பெரிய பெரிய படிகங்களாக உறைந்த கிரானைட் வகை நரம்புகளில் ஸ்பெஸ்ஸார்ட்டைன், ஆல்மண்டைன் இரண்டும் வரும். வெள்ளை ஆல்பைட், புகைநிறக் குவார்ட்ஸ், கறுப்பு டூர்மலின், மைக்கா இவற்றின் நடுவே ஆரஞ்சுப் படிகம் பளிச்சென்று இருக்கும். சீனாவின் ஃபுஜியான், பாகிஸ்தானின் கில்கிட்-பல்திஸ்தான் மாதிரிகள் சந்தையில் நிறைய. நமக்குப் பக்கத்தில் ஆந்திராவின் கூடூர் மைக்கா வட்டாரம்.

ரையோலைட் எரிமலைப் பாறையின் பொந்துகளிலும் கார்னெட் உண்டு. அமெரிக்காவின் நெவாடாவில் ஈலி ஊரருகே கார்னெட் ஹில் என்ற இடம் பொதுமக்கள் கைக்கருவியோடு போய்ச் சேகரிக்கவே ஒதுக்கப்பட்டது. யூட்டாவின் தாமஸ் மலைத்தொடரில் டோபாஸ், பிக்ஸ்பைட்டோடு வரும். உவரோவைட்டுக்கு ரஷ்யாவின் உரால் மலையிலுள்ள சாரனி சுரங்கம் ஒன்றே போதும்: கறுப்புக் குரோமைட் மேல் மரகதப் பச்சைப் பொடிப்படிகங்கள். குரோமியம் இருக்கும் இடத்தில் மட்டுமே வளர்வதால் இதன் துணை பெரும்பாலும் குரோமைட்தான்.

நமக்கு எட்டும் இடங்கள்

ஷிஸ்ட் படிகம் வேண்டும் என்றால் ஹாசன் மாவட்டத்து ஹோளெநரசீபுரப் பட்டை (கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட் மூன்றும் ஒரே கல்லில் கிடைக்கும்), நெல்லூர் ஷிஸ்ட் பட்டை, ராஜஸ்தானின் டோங்க், அஜ்மீர் வட்டாரம். தெலங்கானாவின் கம்மம் பக்கத்துக் கரிப்பேட்டையும் இதில் சேரும். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த பழைய கார்னெட் மணிகளை ஆய்வாளர்கள் உள்ளடங்கிய நுண்கனிமங்களை வைத்து ஒப்பிட்டு, அவை கரிப்பேட்டைக் கல் என்று 2017-ல் வெளியிட்டார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வணிகப் பாதையை ஒரு கல்லுக்குள் இருக்கும் தூசு போன்ற ஊசிகள் காட்டிக் கொடுத்தன என்பதை நினைத்தால், துணைக் கனிமங்களைத் தூக்கி எறிய மனம் வராது.

தமிழ்நாட்டுக்குள் என் சிபாரிசு மூன்று. முதலாவது, கிணறு வெட்டிய கல்மேடு. நிலத்தின் மேல்பரப்பில் கிடக்கும் பாறையில் கார்னெட் துருவேறிப் பழுப்புப் பொடியாகியிருக்கும். கிணற்றிலிருந்து வெடித்து மேலே போட்ட கல் அப்படி இல்லை, உள்ளே இருந்த பாறை புதுசாக இருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார். ‘எடுத்துட்டுப் போங்க தம்பி, பாம்பு இருக்கும் பாத்து’ என்பார். இரண்டாவது, கிரானைட் அறுக்கும் பட்டறைகளின் கழிவுக் குவியல். காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் விற்கும் வெள்ளைக் கிரானைட் தமிழ்நாட்டுக் கல்தான்; சமையல் மேடையில் அதில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் கார்னெட். பட்டறையில் வெட்டிப்போட்ட ஓரத்துண்டு ஒரு பக்கம் ஏற்கெனவே மெருகேறி இருக்கும், உங்கள் வேலை மிச்சம். மூன்றாவது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசியில் ஓடைகளின் வளைவு. கனமான கார்னெட் கறுப்பு மணலோடு சேர்ந்து உள்வளைவில் தங்கும். அங்கே கிடைப்பது உதிரிதான், ஆனால் ஓடையின் மேல்பக்கம் எந்தப் பாறையைத் தேட வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

கடற்கரை பற்றி ஒரு வார்த்தை. கன்னியாகுமரி முதல் தூத்துக்குடி வரை அலை ஒதுக்கும் செந்நிற மணலில் கார்னெட், கறுப்பு இல்மனைட், நிறமற்ற சிர்க்கான், மஞ்சள் மோனசைட் எல்லாம் இருக்கின்றன. லென்ஸில் ஒரு சிட்டிகையைப் பார்ப்பது பெரிய ஆனந்தம். ஆனால் அள்ளாதீர்கள். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் தாது மணல் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள பொருள். 2013-ல் தமிழ்நாடு அரசு தனியார் அதை அள்ளவே தடை போட்டது.

இலங்கை வாசகர்களுக்கு: இரத்தினபுரி வட்டாரத்தில் கார்னெட் கிடைப்பது இல்லம் எனப்படும் பழைய ஆற்றுச் சரளைப் படுகையில். உருண்டு தேய்ந்த கல்லே அதிகம். குழி தோண்ட தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் உரிமம் தேவை. சரளையைக் கழுவும் இடத்தில் கூழாங்கல்லாக வந்த ஸ்பினெல், சிர்க்கான், கோமேதகம், நீலம் நான்கையும் ஒரே குழியின் தொகுப்பாக வாங்கி வைத்தால் அதுவும் துணைக் கனிமச் சேகரிப்புதான்.

அனுமதி விஷயத்தில் சமரசம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. கெங்குவார்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் காட்டு எல்லை எங்கே தொடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். கொடுமணல், அரிக்கமேடு போன்ற தொல்லியல் இடங்களில் தரையில் கிடக்கும் மணியைத் தொடவே வேண்டாம். தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி, கல்குவாரியில் மேலாளரின் அனுமதியும் வெடி வைக்கும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். விற்பதற்காகக் கனிமம் எடுப்பது 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டிய தொழில், பொழுதுபோக்கு அல்ல.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு கிலோ சுத்தியல், நான்கு பவுண்டு சம்மட்டி, ஒரு தட்டை உளி, ஒரு கூர் உளி, சின்னக் கடப்பாரை. பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் கழுத்தில் தொங்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் உளித் தலையிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு கல்லை விட ஆபத்தானது. கையுறை, தண்ணீர், பழைய செய்தித்தாள், முட்டை அட்டை, மார்க்கர் பேனா, நோட்டு. ஜிபிஎஸ் கைபேசியிலேயே இருக்கிறது.

களத்தில்: அவசரப்படாமல் எடுப்பது

வெயில் சாய்ந்திருக்கும் காலையில் போங்கள். சூரியனை எதிரே வைத்து நடந்தால் மைக்கா மினுக்கும், கார்னெட் புடைப்புகளின் நிழல் தெரியும். உச்சி வெயிலில் எல்லாப் பாறையும் ஒரே சாம்பல்.

ஷிஸ்ட் பாறையில் ஒரு நல்ல படிகம் தலைகாட்டுகிறது என்று வையுங்கள். மொச்சைக்கொட்டை அளவு, நான்கு முகங்கள் வெளியே. முதலில் படம் எடுங்கள், அளவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து. அப்புறம் பாறையின் ஏடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். படிகத்திலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி, ஏட்டுக்கு இணையாகத் தட்டை உளியை வைத்து மெதுவாகத் தட்ட வேண்டும். சத்தத்தைக் கேளுங்கள்: கணீர் என்று இருந்தால் பாறை இன்னும் இறுக்கம், டொக் என்று மாறினால் உள்ளே பிளவு ஓடிவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு ஓரத்தில் உளியை மாற்றுங்கள். நான்கு பக்கமும் தளர்ந்த பிறகு கடப்பாரையால் நெம்பினால் பலகையாகக் கிளம்பும். படிகத்துக்கு நேர் பின்னால் ஒருபோதும் அடிக்காதீர்கள்; பிளவுத்தளம் இல்லாத கல் என்பதால் அதிர்ச்சி எந்தப் பக்கமும் ஓடி, உள்விரிசல் விழும்.

வேண்டியதை விடப் பெரிதாகவே எடுங்கள். அளவைக் குறைப்பது வீட்டில், நல்ல வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலை. படிகம் மைக்காவிலிருந்து கழன்றுவிட்டால் பதற்றம் வேண்டாம். படிகத்தையும் குழியுள்ள கல்லையும் ஒரே பொட்டலத்தில் கட்டி, இரண்டிலும் ஒரே எண் எழுதுங்கள். பின்னால் ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டியதை லேபிளில் சொல்லிவிட வேண்டும்.

ஸ்கார்னில் கால்சைட் நிரம்பிய கட்டிகளைத் தேடுங்கள். வெளியே தெரியும் கார்னெட் தேய்ந்திருந்தாலும் கால்சைட்டுக்குள் மூடிக்கிடப்பது பாதுகாப்பாக, முகம் பளபளக்க இருக்கும். அந்தக் கட்டியை உடைக்காமல் முழுசாகக் கொண்டு வாருங்கள்.

ஒவ்வொரு துண்டையும் அங்கேயே செய்தித்தாளில் சுற்றி, உள்ளே ஒரு சீட்டுப் போடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தக் கல் எந்த மேட்டிலிருந்து வந்தது என்பது குழம்பிவிடும்.

அடையாளம் காண்பது

நியோடிமியம் காந்தம் ஒன்று வாங்குங்கள். ஆல்மண்டைன், ஸ்பெஸ்ஸார்ட்டைன் உதிரிக் கல்லை தெர்மாகோல் துண்டின் மேல் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காந்தத்தைக் காட்டினால் நகர்ந்து வரும். மாணிக்கம் வராது. சுத்தமான குரோசுலாரும் அசையாது. புற ஊதா விளக்கும் உதவும்: மாணிக்கம் பெரும்பாலும் சிவப்பாக ஒளிரும், ஆல்மண்டைன் இருண்டே இருக்கும்.

அடர்த்தி பார்க்க நகைக்கடைத் தராசு போதும். காற்றில் எடை பாருங்கள், நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பாருங்கள். காற்று எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. தாய்ப்பாறையோடு இருப்பதற்கு இது உதவாது. அங்கேதான் துணைக் கனிமங்கள் கைகொடுக்கும். கயனைட்டோடு இருக்கும் சிவப்புக் கார்னெட் பெரும்பாலும் ஆல்மண்டைன் பக்கம், எபிடோட்டோடு இருக்கும் பழுப்பு பெரும்பாலும் குரோசுலார்-ஆண்ட்ரடைட் பக்கம். உறுதி வேண்டுமானால் ஆய்வகச் சோதனைதான் வழி. அதுவரை லேபிளில் ‘கார்னெட்’ என்று மட்டும் எழுதுவது நேர்மை.

சுத்தம் செய்வது

தண்ணீர், மென்மையான பல்துலக்கி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். பாதி மாதிரிகளுக்கு இதற்கு மேல் தேவை இல்லை. மைக்கா ஷிஸ்டை ஊறப்போடாதீர்கள், ஏடு ஏடாக விடும். ஈரத்துணியும் மரக்குச்சியும் போதும். உதிரும் ஷிஸ்டைப் பிடித்து நிறுத்த பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து ஓரங்களில் ஊறவிடலாம். அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவது, வேண்டாமென்றால் திரும்பக் கரைத்து எடுத்துவிடலாம்.

துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம். விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் ஊறவைத்து, அதன்பிறகு பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். இல்லையென்றால் மஞ்சள் கறை படியும். கால்சைட் உள்ள மாதிரியில் இதைப் போடாதீர்கள், வெள்ளைப் பூச்சு உட்கார்ந்துவிடும்.

கால்சைட்டைக் கரைத்துக் கார்னெட்டை வெளியே கொண்டுவர ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு பங்கு அமிலத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர். எப்போதும் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. மொட்டைமாடியில், புகை உங்கள் மேல் படாதபடி காற்று வரும் பக்கம் நின்று செய்யுங்கள். கார்னெட், எபிடோட், டயோப்சைட் இதைத் தாங்கும். வொலாஸ்டோனைட், அபடைட், குளோரைட், ஜியோலைட் தாங்காது. அதனால் முதலில் லென்ஸால் துணைக் கனிமம் எது எது என்று பட்டியல் போட்ட பிறகே வாளியைத் தொடுங்கள், உடைந்த துண்டு ஒன்றில் சோதித்தும் பாருங்கள். இன்னொன்று: கால்சைட்டை முழுக்கக் கரைக்க வேண்டியதில்லை. வெள்ளைக் கால்சைட் மேல் பாதி எழுந்து நிற்கும் தேன்நிறக் கார்னெட், அம்மணமாக நிற்பதை விடப் பல மடங்கு அழகு. கரைய விட வேண்டாத பக்கத்தில் மெழுகு பூசிவிட்டால் அது தப்பிக்கும். முடிந்ததும் சமையல் சோடாத் தண்ணீரில் முக்கி, நாள்கணக்கில் நல்ல தண்ணீரில் வையுங்கள்.

ஜெஃப்ரி சுரங்கம், இத்தாலியின் மாலென்கோ பள்ளத்தாக்கு போன்ற இடத்து மாதிரிகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் ஒட்டியிருக்கலாம். அவற்றை உலர்ந்த தூரிகையால் தேய்க்கவே கூடாது. மூடிய அக்ரிலிக் பெட்டியில் வைத்து, வெளியிலிருந்து ரசியுங்கள்.

காசு கொடுத்து வாங்கும்போது

உலகத்தின் நல்ல மாதிரிகளில் பெரும்பகுதி வாங்கித்தான் கிடைக்கும், அதில் குறைவில்லை. மூன்று விஷயம் பாருங்கள். படிகம் பாறையில் உட்காரும் விளிம்பைச் சுற்றி லென்ஸை ஓட்டுங்கள்: பொடி கலந்த பசை, காற்றுக்குமிழ், மைக்கா ஏடுகள் படிகத்தைச் சுற்றி வளையாமல் நேராக முட்டி நிற்பது, இவை ஒட்டுவேலையின் அறிகுறி. பல பசைகள் புற ஊதா விளக்கில் வெள்ளை நீலமாக ஒளிரும். இரண்டாவது, முகங்கள். இயற்கை முகத்தில் மெல்லிய வளர்ச்சிக் கோடுகளோ படிகளோ இருக்கும். சாணை பிடித்த முகத்தில் ஒரே திசையில் கீறல் ஓடும், மூலைகள் வழுவழுவென்று இருக்கும். மூன்றாவது, துணைக் கனிமம் அந்த இடத்துக்கு ஒத்துப்போகிறதா என்பது. உரால் உவரோவைட் என்று சொல்லிக் குரோமைட்டே இல்லாத வெள்ளைக் கல்லைக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். இடப்பெயராக ‘இந்தியா’ என்று மட்டும் சொல்லும் மாதிரிக்கு நான் பாதி விலைகூடக் கொடுக்க மாட்டேன்.

வைப்பதும் எழுதுவதும்

அடியில் நுரைத்தாள் வைத்த சிறு பெட்டிகள் நல்லது. பஞ்சு வேண்டாம், சில்லிமனைட் ஊசிகளில் சிக்கி உடைக்கும். ஒட்டும் களிம்பும் வேண்டாம், எண்ணெய் இறங்கிப் பாறையில் கறை விழும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பைரைட் சேர்ந்த மாதிரிகள் ஈரத்தில் வெளுத்துப் பொடியும். அவற்றைத் தனியே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். கார்னெட்டுக்கு வெயில் ஒன்றும் செய்யாது, பக்கத்தில் இருக்கும் புகைநிறக் குவார்ட்ஸ் வெளிறலாம்.

மாதிரியின் தெரியாத பக்கத்தில் வெள்ளை வண்ணத்தில் ஒரு பொட்டு, அதன்மேல் எண். அதே எண் நோட்டிலும் கணினியிலும். லேபிள் இப்படி இருக்கட்டும்: ‘கார்னெட் (ஆல்மண்டைன் ஆகலாம்), கயனைட், ஸ்டாரோலைட், மைக்கா ஷிஸ்ட், கிராமம், வட்டம், ஹாசன் மாவட்டம், கர்நாடகம், ஜிபிஎஸ் புள்ளி, கிணற்றுக் கல்மேடு, எடுத்தவர் பெயர், தேதி, ஒட்டுவேலை இல்லை, தண்ணீரில் மட்டும் கழுவியது.’ கார்னெட்டின் பெயர் பின்னால் திருத்தப்படலாம். இடத்தின் பெயரை எழுதாமல் விட்டால் திருத்த வழியே இல்லை.

வாங்கிய மாதிரியோடு வரும் பழைய லேபிள்களை, எழுத்து தவறாக இருந்தாலும், அமிலமில்லாத தாளுறையில் மாதிரியோடு சேர்த்தே வையுங்கள். பட்டியலின் ஒரு பிரதி வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். உங்களுக்குப் பிறகு எந்தக் கற்கள் அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்குப் போக வேண்டும் என்றும் அதன் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். குறிப்பாகக் கிணற்று மேட்டிலும் கிரானைட் பட்டறையிலும் கிடைத்த உள்ளூர்த் துண்டுகளை, ஏனென்றால் சந்தையில் அவற்றுக்கு விலை இல்லை, மாணவர்களுக்கு அவைதான் தேவை.